பாலில் அஃப்ளாடாக்சின்: தீவன மூட்டையில் தொடங்கும் புற்றுநோய்க் கேள்வி

பாலில் புற்றுநோய் நச்சு என்ற செய்தி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டுகிறது. வந்த வேகத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும். யூரியா, சோப்புத்தூள், ஃபார்மலின் எல்லாவற்றோடும் சேர்த்து இதுவும் 'பால் கலப்படம்' கணக்கில் எழுதப்படும். அந்தக் கணக்கே பிழை. பூஞ்சை சுரக்கும் நச்சான அஃப்ளாடாக்சினை யாரும் பாலில் கலப்பதில்லை. மாடு தின்றதுதான் பாலில் வருகிறது. இந்த வேறுபாடு பிடிபடாதவரை எதைச் சோதிப்பது, யாரைக் கேட்பது, வீட்டில் என்ன செய்வது எதற்கும் சரியான விடை கிடைக்காது.

2018 ஆய்வு சொன்னது

தேசிய அளவில் நம்மிடம் உள்ள பெரிய கணக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்திய பால் ஆய்வு. 2018 மே முதல் அக்டோபர் வரை 1,103 ஊர்களில் 6,432 மாதிரிகள் எடுக்கப்பட்டன. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. உயிருக்கு ஊறு செய்யும் கலப்படம் இருந்தவை 12 மாதிரிகள் மட்டுமே. ஆனால் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு, அனுமதித்த அளவைத் தாண்டி 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில் இருந்தது. கவலைப்பட வேண்டிய இடம் எது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன. நம் பேச்சு மட்டும் இன்னும் அந்த 12-ஐச் சுற்றியே ஓடுகிறது.

மாநிலவாரியாகத் தமிழ்நாட்டில் 551-இல் 88, தில்லியில் 262-இல் 38, கேரளத்தில் 187-இல் 37. எண்ணிக்கையை வைத்து 'தமிழ்நாடு முதலிடம்' என்று தலைப்புப் போட்டார்கள். விகிதம் பார்த்தால் தமிழ்நாடு 16 சதவீதம், கேரளம் கிட்டத்தட்ட 20 சதவீதம். பதப்படுத்தாத பாலைவிடப் பதப்படுத்திய பாலில் இது கூடுதலாக இருந்ததாகவும் ஆணையம் சொன்னது. இதைப் படித்துவிட்டு, ஆலையில் ஏதோ சேர்க்கிறார்கள் என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆலையில் இந்த நச்சு உருவாக வழியில்லை. பல நூறு வீட்டுப் பால் ஒரே தொட்டியில் கலக்கும்போது, சில வீடுகளின் கடும் நச்சு எல்லாப் பாக்கெட்டுக்கும் பங்காகிறது. பால் தூளைக் கரைத்துச் சேர்த்தால், வேறொரு ஊரில் வேறொரு பருவத்தில் கறந்த பாலின் நச்சும் கூடவே வரும்.

பூஞ்சை, நச்சு, அலகு

மேலே போகுமுன் மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

1. ஆஸ்பெர்கில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பெர்கில்லஸ் பாராசிட்டிகஸ்: மண்ணில் வாழும் பூஞ்சைகள். நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை போன்றவற்றில் பச்சை-மஞ்சள் பூசணமாகப் படர்பவை.

2. அஃப்ளாடாக்சின்: அந்தப் பூஞ்சைகள் சுரக்கும் நச்சுத் தொகுதி. பி1, பி2, ஜி1, ஜி2 என நான்கு முக்கிய வகைகள். மிகக் கொடியது பி1. பி1-ஐத் தின்ற மாட்டின் ஈரல் அதை மாற்றி வெளியேற்றும் வடிவமே எம்1.

3. பிபிபி: ஒரு கிலோவில் ஒரு மைக்ரோகிராம். ஒரு டன் தீவனத்தில் ஒரு மில்லிகிராம் என்றும் சொல்லலாம். இனி வரும் தீவன, பால் வரம்புகள் எல்லாம் இந்த அலகில்.

இந்த நச்சு உலகுக்குத் தெரிந்ததே கால்நடைத் தீவனம் வழியாகத்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் மாண்டன. தடம் பிடித்துப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் முடிந்தது. மனிதர்களும் தப்பவில்லை. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமுமாகப் படுத்தார்கள். 106 பேர் இறந்தார்கள். 2004-இல் கென்யாவில் அதே மக்காச்சோளத்தால் 125 பேர். இவை ஒரே மூச்சில் பெரிய அளவு உள்ளே போனதால் வந்த சாவுகள். பாலில் வருவது அதில் மிகச் சிறு துளி. அதன் கணக்கு வேறு.

பூசணம் எப்போது பிடிக்கிறது

'மழைக்காலத்தில் கிடங்கில் பூசணம் பிடிக்கும்' என்பது பாதி உண்மை. நிலக்கடலையைப் பொறுத்தவரை கதை வயலிலேயே தொடங்கிவிடுகிறது. அறுவடைக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரங்களில் மழை பொய்த்து, காய் இருக்கும் மண் சூடேறினால் செடி தளர்கிறது. பூஞ்சையைத் தடுக்கும் அதன் இயல்பான எதிர்ப்பும் தளர்கிறது. பூஞ்சை மண்ணிலேயே காய்க்குள் நுழைகிறது. காய்த்துளைப்பான் குடைந்த காய், கொத்தும்போது வெட்டுப்பட்ட காய் ஆகியவை அதற்குத் திறந்த வாசல்.

அடுத்த கட்டம் களம். பிடுங்கிய காயைக் குவித்து வைத்து, இரண்டு நாள் மூட்டம் போட்டுவிட்டால் போதும். 25 முதல் 35 டிகிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நச்சு வேகமாகச் சுரக்கிறது. ஈரப்பதம் மக்காச்சோளத்தில் 13 சதவீதத்துக்கும், கடலைப் பருப்பில் 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால்தான் பூஞ்சை அடங்கும். விரைவில் உடைப்பதற்காகக் காய்ந்த காயில் தண்ணீர் தெளித்து எந்திரத்தில் உடைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பட்ட பாடெல்லாம் அங்கே வீணாகிறது.

பிறகு வரும் கட்டத்தை நம் ஊடகங்கள் தொடுவதே இல்லை. உடைத்த பருப்பு தரம் பிரிக்கப்படுகிறது. பருத்த, முழுப் பருப்பு ஏற்றுமதிக்கும் மிட்டாய்க்கும் போகும். சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது எண்ணெய் ஆட்டப் போகும். நச்சு பெரும்பாலும் இந்தக் கழிவுப் பருப்பில்தான் குவிந்திருக்கிறது. ஆட்டும்போது எண்ணெயோடு கொஞ்சமே போகிறது. பெரும்பகுதி புண்ணாக்கில் தங்குகிறது. எண்ணெய் வெளியேறியதால் கிலோவுக்கான அளவும் கூடுகிறது. ஆக, மனிதனின் நேரடி உணவைத் தூய்மைப்படுத்தும் அதே தரம் பிரிப்பு, நச்சைச் செறிவாக்கி மாட்டுத் தொட்டிக்கு அனுப்புகிறது. ஏற்றுமதி வரம்பு கடுமையாக இருக்கும் அளவுக்கு உள்ளூர்ப் புண்ணாக்கின் மீது சுமை ஏறும்.

மாட்டின் உடலில்

அசைபோடும் மாடுகளுக்கு ஒரு வசதி உண்டு. வேறு சில பூஞ்சை நச்சுகளை முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளே சிதைத்துவிடும். ஓக்ராடாக்சின் அப்படிப்பட்டது. அஃப்ளாடாக்சினிடம் இந்த ஏற்பாடு பெரிதாகச் செல்லாது. குடலில் உறிஞ்சப்பட்டு ஈரலை அடையும் பி1-இல் ஒரு பகுதி எம்1 ஆகி, சிறுநீரிலும் பாலிலும் வெளியேறுகிறது. தின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் கறக்கும் பாலிலேயே வந்துவிடும். நச்சுத் தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் மறைந்தும்விடும்.

தின்ற பி1-இல் எவ்வளவு பாலுக்கு வருகிறது? சாதாரணமாக 1 முதல் 2 சதவீதம். கன்று ஈன்ற புதிதில் நிறையக் கறக்கும் மாடுகளில் 6 சதவீதம்வரை போகலாம். 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு 10 லிட்டர் கறக்கும், 5 கிலோ அடர்தீவனம் தின்னும் கலப்பினப் பசு ஒன்றுக்குக் கணக்குப் போடலாம்.

1. தீவனத்தில் பி1 20 பிபிபி இருந்தால், நாளுக்கு 100 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் 1.5 மைக்ரோகிராம் பாலுக்கு வரும். 10 லிட்டரில் பகிர்ந்தால் லிட்டருக்கு 0.15. இந்தியப் பால் வரம்பான 0.5-க்குள் அடங்கிவிடுகிறது.

2. தீவனம் முழுவதும் 67 பிபிபி ஆனால் பால் வரம்பைத் தொடுகிறது.

3. மற்றதெல்லாம் சுத்தமாக இருந்து, அதில் சேர்த்த ஒரே ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் மட்டும் 400 பிபிபி இருந்தால், 400 மைக்ரோகிராம் உள்ளே போய், பாலில் லிட்டருக்கு 0.6 வருகிறது. வரம்பு மீறல்.

மூன்றாவதுதான் நடப்பில் அதிகம் நிகழ்வது. கம்பெனித் தீவனம் ஓரளவு சோதனைக்கு உட்பட்டு வருகிறது. அதன்மேல் 'பால் கெட்டியாக வரும்' என்று ஊறவைத்துச் சேர்க்கும் புண்ணாக்குக்குச் சோதனையே கிடையாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஐரோப்பிய வரம்புகளும் புரியும். அங்கே பாலுக்கு 0.05 பிபிபி. அதை எட்ட நம் கணக்குப் பசு நாளுக்கு 33 மைக்ரோகிராமுக்கு மேல் தின்னக் கூடாது. அதாவது தீவனத்தில் 7 பிபிபிக்குக் கீழே. கறவை மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கு அவர்கள் வைத்த வரம்பு 5 பிபிபி. நம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கலப்புத் தீவன வரம்பு 20 பிபிபி, பாலுக்கு 0.5. அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே இணைதான். பால் வரம்பும் தீவன வரம்பும் ஒரே கயிற்றின் இரு முனைகள். தீவன முனையைப் பிடிக்காமல் பால் முனையை மட்டும் இறுக்கினால் பாலைக் கீழே கொட்டத்தான் முடியும்.

மாட்டுக்கு என்ன ஆகிறது என்றால், பாலைக் கெடுக்கும் அளவில் மாட்டிடம் எதுவுமே தெரியாது என்பதுதான் சங்கடம். தீனி குறைவது, பால் இறங்குவது, சினை நிற்காமல் போவது எல்லாம் இதைவிடப் பல மடங்கு அளவில் வருபவை. அப்போதும் அவற்றுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்.

மனித ஈரலில்

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அஃப்ளாடாக்சின்களை முதல் தொகுதியில், அதாவது மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில் வைத்திருக்கிறது. புகையிலையும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. ஆனால் தொகுதி சொல்வது சான்றின் உறுதியை மட்டும். எவ்வளவு உண்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அது சொல்லாது. செய்திகள் வழுக்கி விழும் இடம் இது.

பி1 தானாக நேரடியாகக் கெடுப்பதில்லை. நச்சை வெளியேற்ற ஈரல் வைத்திருக்கும் சைட்டோகுரோம் நொதிகள் அதை மாற்றும்போது எபாக்சைடு என்ற துடிப்பான வடிவம் உண்டாகிறது. அது டிஎன்ஏவின் குவானினோடு ஒட்டிக்கொள்கிறது. குளூட்டாதயோன் என்ற காவல் மூலக்கூறு முந்திக்கொண்டால் நச்சு முடங்கிச் சிறுநீரில் போய்விடும். முந்தாவிட்டால் ஒட்டிய இடத்தில் படியெடுப்புப் பிசகுகிறது. டிபி53 என்ற மரபணு செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுப்பது. அதன் 249-ஆம் குறியீட்டில் ஒரே ஓர் எழுத்து மாறுவது, அஃப்ளாடாக்சின் மிகுந்த பகுதிகளின் ஈரல் புற்றுக் கட்டிகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஒரு நச்சு தன் கைரேகையை இவ்வளவு தெளிவாக விட்டுச்செல்வது அரிது.

இங்கே ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளே வருகிறது. ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்று ஆபத்து 3.4 மடங்கு. ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7.3 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 59.4 மடங்கு. கூட்டினால் வரும் எண்ணே அல்ல இது. கிருமி ஈரல் செல்களைத் தொடர்ந்து அழித்து, புதுச் செல்கள் பெருகவைக்கிறது. பெருகும் செல்லில் டிஎன்ஏ பிசகு நிலைத்துவிடுகிறது.

சீனாவின் சீடோங் பகுதி இன்னொரு சான்று. 1980-களில் அங்கே மக்காச்சோளத்தை விட்டு மக்கள் அரிசிக்கு மாறினார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாத தலைமுறையிலேயே ஈரல் புற்றுச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அதே சீடோங்கில் குளோரோஃபில்லின் என்ற பச்சையச் சேர்மத்தை நாளுக்கு மூன்று வேளை 100 மில்லிகிராம் வீதம் நான்கு மாதம் 180 பேரிடம் சோதித்தார்கள். டிஎன்ஏவில் ஒட்டிய நச்சின் சிறுநீர்த் தடயம் 55 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் அளந்தது தடயத்தை. புற்று குறைந்ததா என்பதை அளக்கவில்லை. இதைக் காட்டி 'கீரைச்சாறு குடித்தால் புற்று வராது' என்று கடைபோடுபவர்களை நம்ப வேண்டாம்.

ஒரு டம்ளர் பாலுக்கு எவ்வளவு ஆபத்து

உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழு எம்1-இன் புற்றாக்கும் வலு பி1-இல் பத்தில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நானோகிராம் எம்1 தினமும் வாழ்நாள் முழுதும் உட்கொண்டால், ஹெபடைடிஸ் பி இல்லாதவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 0.001 புற்று, கிருமி உள்ளவர்களில் 0.03.

60 கிலோ எடையுள்ளவர் வரம்பைத் தொடும் பாலை, அதாவது 0.5 பிபிபி பாலை, தினமும் அரை லிட்டர் குடிக்கிறார் என்று கொள்வோம். நாளுக்கு 250 நானோகிராம். கிலோ எடைக்கு 4.2.

1. கிருமி இல்லாதவர்களில்: ஆண்டுக்கு 10 கோடிப் பேருக்கு ஏறத்தாழ 4 பேர்.

2. கிருமி உள்ளவர்களில்: ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு ஒருவருக்குச் சற்று மேல்.

3. அதே அரை லிட்டரைக் குடிக்கும் 10 கிலோக் குழந்தைக்கு, கிலோ எடைக்கான அளவு ஆறு மடங்கு.

பெரியவர்களுக்கு இது மிகச் சிறிய ஆபத்து, ஒளிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு கணக்கு: 10 பிபிபி பி1 உள்ள வேர்க்கடலை 30 கிராம் தின்றால் 300 நானோகிராம் பி1 உள்ளே போகிறது. வலு பத்து மடங்கு என்பதால், அது வரம்பைத் தொடும் பால் 6 லிட்டருக்குச் சமம். கசக்கும் கடலையைத் துப்பாமல் விழுங்குவது, நனைந்த மக்காச்சோளத்தை அரைத்துச் சாப்பிடுவது ஆகியவற்றின் முன்னால் பால் மிகப் பின்னால் நிற்கிறது.

பிறகு ஏன் பாலுக்கு இவ்வளவு கவனம்? குழந்தைகள் நாள் தவறாமல், எடைக்கு மிஞ்சிக் குடிக்கும் உணவு அது. இன்னொன்று, பாலில் எம்1 தெரிந்தால் அந்த வட்டாரத்துக் கடலையிலும் சோளத்திலும் பி1 இருக்கக்கூடும் என்று அர்த்தம். மாட்டை வைத்து ஊருக்கே எடுத்த ரத்தப் பரிசோதனை போல அதைப் படிக்கலாம். ஈரல் புற்றைத் தடுக்க ஒரே ஒரு செயலைச் சொல்லச் சொன்னால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. முதல் தவணை பிறந்த 24 மணி நேரத்துக்குள்.

காய்ச்சினால் போகுமா

போகாது. பி1 உருகவே 260 டிகிரிக்கு மேல் வேண்டும். பால் 100 டிகிரியில் பொங்கிவிடும். பாஸ்டுரைசேஷன், யுஹெச்டி போன்ற ஆலைச் சூடேற்று முறை எதுவும் எம்1-ஐக் குறைப்பதாக நம்ப முடியாது. எம்1 பாலின் கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. ஆகவே பன்னீர், சீஸ் ஆகியவற்றில் கிலோவுக்கான அளவு பாலைவிட மூன்று மடங்கும் அதற்கு மேலும் கூடும். பால்கோவாவில் நீர் சுண்டுவதால் கூடும். தூளில் எட்டு மடங்குக்கு நெருங்கும், கரைத்தால் பழைய அளவுக்கு இறங்கும். வெண்ணெய், நெய்யில் மிகக் குறைவு, ஏனென்றால் கொழுப்போடு அது போவதில்லை. தயிர் கிட்டத்தட்டப் பாலின் அளவே.

வீட்டில் நுகர்வோர் செய்யக்கூடியது ஏறக்குறைய எதுவும் இல்லை. ஒரே பண்ணைப் பாலையே நம்பி இருப்பதைவிட, சோதனை செய்து விற்கும் இடத்தில் வாங்குவது மேல். 'நாட்டு மாட்டுப் பால்', 'ஏ2 பால்' என்ற பெயரெல்லாம் இந்த விஷயத்தில் பொருளற்றவை. நாட்டு மாடும் புண்ணாக்குத் தின்கிறது.

சோதனை எங்கே தவறுகிறது

பாலைச் சோதிப்பது எளிது. பால் திரவம், நச்சு சமமாகக் கலந்திருக்கும். பட்டைச் சோதனை சில நிமிடங்களில் வரம்புக்கு மேலா கீழா என்று சொல்லும். எலைசா என்ற ஆய்வகச் சோதனை அளவைத் தரும். வழக்குக்கு நிற்கும் எண் வேண்டுமென்றால் ஹெச்பிஎல்சி அல்லது எல்சி-எம்எஸ் என்ற நுண்கருவிச் சோதனை. பட்டை வாங்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: 0.05-க்கு அளந்த பட்டையும் 0.5-க்கு அளந்த பட்டையும் சந்தையில் உண்டு. முதலாவதை வைத்துச் சோதித்தால் இந்திய வரம்புக்குள் இருக்கும் பாலும் 'பாசிட்டிவ்' காட்டும். பல பரபரப்புச் செய்திகள் பிறக்க இதுவே போதும்.

தீவனத்தைச் சோதிப்பதுதான் கடினம். பூஞ்சை ஒரு மூட்டையில் ஒரு மூலையைப் பிடிக்கும். ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டு பருப்பில் நச்சு மலைபோல் இருக்கும், மற்றவை சுத்தம். குத்தூசியால் ஒரே மூட்டையில் ஒரு கை எடுத்து அனுப்பினால் முடிவு பூஜ்யமாகவும் வரலாம், ஆயிரமாகவும் வரலாம். இரண்டுமே அந்த லோடின் உண்மை இல்லை. பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று எடுத்து, ஐந்து பத்து கிலோ சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலக்கி, அதிலிருந்து ஆய்வகத்துக்கு அரைக் கிலோ அனுப்ப வேண்டும். அரைக்காமல் அனுப்புவதே பெரும் பிழை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனை ஆய்வகம் உண்டு. கோழிப் பண்ணையாளர்கள் மக்காச்சோள லோடுக்குச் சோதனை பார்த்தே இறக்குவது பழகிவிட்டது, ஏனென்றால் கோழி உடனே முட்டையைக் குறைத்துக் கணக்கைக் காட்டிவிடும். பால் மாட்டுக்காரருக்கு அந்த எச்சரிக்கை மணி இல்லை.

புற ஊதா விளக்கில் பச்சை-மஞ்சளாக ஒளிர்ந்தால் நச்சு என்று சிலர் செய்துகாட்டுவார்கள். ஒளிர்வது பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலத்தின் விளைவு. பூஞ்சை வந்து போனதைத்தான் அது சொல்லும். ஒளிராத தீவனத்திலும் நச்சு இருக்கலாம்.

பண்ணையில் செய்ய வேண்டியவை

1. புண்ணாக்கை மழைக்காலத்துக்கு மொத்தமாக வாங்கிப் போடக் கூடாது. பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வேண்டாம். பழைய மூட்டையை முதலில் காலி செய்ய வேண்டும்.

2. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மீது, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும். சிமென்ட் தரை ஈரத்தை அடிமூட்டைக்கு ஏற்றும். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து, மேல்மூட்டையும் கெடும்.

3. கட்டிபிடித்த, சூடான, பூசண நாற்றம் அடிக்கும் தீவனத்தைக் கன்றுக்கோ வறட்டு மாட்டுக்கோ 'பரவாயில்லை' என்று போடக் கூடாது. கன்றின் ஈரல் கறவை மாட்டைவிட எளிதில் கெடும்.

4. மேலே தெரியும் பூசணத்தைத் தட்டிவிட்டோ, வெயிலில் காயவைத்தோ கொடுப்பதால் பயனில்லை. பூஞ்சை செத்தாலும் சுரந்த நச்சு அப்படியே இருக்கும். நீராவியில் அழுத்தி உருட்டிய குருணைத் தீவனத்துக்கும் இதே விதி.

5. அடர்தீவனத்தில் புரதத்துக்குக் கடலைப் புண்ணாக்கை மட்டும் நம்பாமல் சோயா, எள் என்று பிரிக்கலாம். பருத்திக்கொட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கும் நச்சு பிடிக்கும் வகையைச் சேர்ந்தவை என்பதால் அவை மாற்று ஆகாது.

6. கம்பு நேப்பியர், குதிரைமசால், அகத்தி போன்ற பசுந்தீவனத்தைக் கூட்டினால் புண்ணாக்கின் தேவையே குறைகிறது. பசுந்தீவனத்தில் இந்த நச்சு பெரிதாக இருக்காது. ஊறுகாய்ப் புல், அதாவது குழியில் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனம், காற்றுப் புகாதவரை பாதுகாப்பு. திறந்த முகப்பில் கறுத்த, பச்சைபடிந்த அடுக்கை வெட்டி எறிய வேண்டும்.

7. பாலில் எம்1 வந்துவிட்டால்: புண்ணாக்கையும் சந்தேகமான தானியத்தையும் அன்றே நிறுத்தி, நான்காம் நாள் பாலை மறுபடி சோதிக்க வேண்டும். இறங்கியிருந்தால் குற்றவாளி நிறுத்திய மூட்டைதான்; அதன் மாதிரியை எடுத்துவைத்திருந்தால் விற்றவரிடம் கேட்க ஆதாரம் இருக்கும்.

நச்சைப் பிணைக்கும் களிமண்

'டாக்சின் பைண்டர்' என்று விற்பவற்றில் அஃப்ளாடாக்சினுக்கு உண்மையில் வேலை செய்பவை பென்டோனைட் வகைக் களிமண்கள். தட்டையான பி1 மூலக்கூறு களிமண் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து சிக்கிக்கொண்டு, குடலில் உறிஞ்சப்படாமல் சாணத்தோடு போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இதற்கு அனுமதி தந்தது; உச்ச அளவு ஒரு கிலோ தீவனத்துக்கு 20 கிராம். கறவை மாட்டு ஆய்வுகள் பலவற்றில் பாலின் எம்1 மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்தது. பாக்கெட்டில் அச்சிட்ட '95 சதவீதம்' பெரும்பாலும் சோதனைக் குழாயில் அளந்தது. வயிற்றில் அளந்தது அல்ல. வேறு பூஞ்சை நச்சுகளின் மூலக்கூறு வடிவம் வேறு. அவற்றிடம் இதே களிமண் அவ்வளவு எடுபடாது. எல்லாவற்றுக்கும் ஒரே பாக்கெட் என்று சொன்னால் கேள்வி கேளுங்கள். 0.6-ஐ 0.4 ஆக்க இது உதவும். 400 பிபிபி புண்ணாக்கை நல்ல தீவனமாக்காது.

ஆலை அளவில் அமோனியா கொண்டு அழுத்தத்தில் வேகவைத்துப் புண்ணாக்கின் நச்சை 95 சதவீதத்துக்கும் மேல் சிதைக்க முடியும். செனகலும் பிரான்ஸும் இதைச் செய்துகாட்டியிருக்கின்றன. வயலில் நச்சு சுரக்காத ஃபிளேவஸ் வகையைத் தூவி, நச்சு சுரக்கும் வகைக்கு இடம் கொடுக்காமல் செய்யும் முறை ஆப்பிரிக்க நாடுகளில் மக்காச்சோளத்திலும் கடலையிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

விலையில் இல்லாத ஒன்று

2020 தொடக்கத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ, விற்பனைத் தீவனம் இந்தியத் தர நிர்ணய அமைவன முத்திரையோடுதான் வர வேண்டும் என்று உத்தரவிட்டது; அமலாக்கம் தள்ளிப்போனது. அமலானாலும் அது மூட்டையில் அச்சிட்ட கலப்புத் தீவனத்தை மட்டும்தான் பிடிக்கும். செக்கிலிருந்து தளர்வாக வாங்கும் புண்ணாக்கு அதன் வலைக்கு வெளியே.

பால் சேகரிப்பு மையத்தில் விலை கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பார்த்துத் தீர்மானமாகிறது. எம்1 இல்லாத பாலுக்கு ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, இருக்கும் பாலுக்கு ஒரு ரூபாய் பிடித்தமும் இல்லை. மலிவான கருத்த புண்ணாக்கும் கொழுப்பு எண்ணை ஏற்றிக்கொடுக்கும் என்றால் உற்பத்தியாளர் எதை வாங்குவார்? ஒவ்வொரு கேனையும் சோதிக்கப் பட்டைச் செலவு கட்டாது. குளிர்விப்பு நிலையத்தில் பால் வண்டி வரும் தடவாரியாக ஒரு கூட்டு மாதிரி எடுத்து, கூடினால் மட்டும் ஊர், ஊரில் கூடினால் மட்டும் வீடு என்று பின்னோக்கிப் போனால் சில பட்டைகளில் முடிந்துவிடும். அந்த வீட்டில் பார்க்க வேண்டியது மாட்டையோ கறப்பவரையோ அல்ல, தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மூட்டையை. பிறகு அதே செக்கில் வாங்கிய மற்ற வீடுகளை.